கொழுக்கட்டைப் புல்லும் கொறங்காட்டுப் படலும்

எங்கள் கொறங்காடு ஐந்தரை ஏக்கர். மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள மேட்டாங்காடு. நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தென்மேற்கு மூலையில் ஒரு வேம்பு. சரளை கலந்த செம்மண். ஒரு முழம் தோண்டினால் சுக்காங்கல் தட்டும். வருடம் முழுக்கப் பெய்தாலும் 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. வெள்ளாமைக்கு ஏற்ற பூமி இல்லை என்று எப்போதோ முடிவுகட்டி, புல்லுக்கென்றே விட்ட காடு.

கொங்குப் பக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொறங்காடு என்றால் தரிசு இல்லை. வேலி கட்டி, வாசலில் திறந்து மூடுகிற தட்டியாகப் படல் வைத்து, மாடும் ஆடும் மேய்வதற்காகவே வைத்துக் காக்கிற மேய்ச்சல் காடு. காங்கேயம் மாடு இந்தக் காடுகளில் மேய்ந்து உருவான இனம். அந்தக் காட்டின் உயிர் கொழுக்கட்டைப் புல். ஒரு தடவை தூர் கட்டிவிட்டால் பல வருடம் நிற்கும். கோடையில் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் நாலாம் நாள் அடித்தூரிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். ராஜஸ்தானில் இதையே அஞ்சன் புல் என்கிறார்கள். நரி வால் மாதிரி மெத்தென்று கதிர், அதில் சுணையோடு விதை. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது காடு நிறையப் புல் இருந்தது. அதை யாரும் விதைத்ததாக என் மாமியாருக்கே நினைவில்லை. எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறை உழுது ஒரு போகம் சோளம் எடுப்பார்களாம். அடுத்த வருடம் புல் தானாக வந்துவிடுமாம். புல்லை விதைப்பது எப்படி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். தானாக வந்ததை நாமாக வரவழைக்க வேண்டிய நிலை வரும் என்று யார் நினைத்தார்கள்?

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய பருவத்தில் 168தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதே மாதம் மெரினாவில் நாட்டு மாட்டுக்காகப் பிள்ளைகள் கூடி நின்றார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் எங்கள் இரண்டு மாட்டையும் கன்றோடு சந்தைக்குப் பிடித்துப் போனார் என் வீட்டுக்காரர். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. கட்டுத்தறியில் போட ஒரு பிடி சோளத்தட்டு இல்லை.

பதினாலு செம்மறி மட்டும் மிஞ்சின. அவற்றைக் கொறங்காட்டிலேயே விட்டிருந்தோம், பகல் முழுக்க, தினமும். வேறு வழி தெரியவில்லை. ஆடு கொறிக்கிற அழகு தெரியும்தானே, மண்ணோடு மண்ணாக உதட்டை வைத்துக் கடிக்கும். வைகாசிக்குள் புல்லின் அடித்தூர் கருப்புக் குச்சிகளாகக் கையோடு வந்தது. அடுத்த மழைக்குப் பார்த்தீனியமும் சீமைக்கருவேலங் கன்றும்தான் முளைத்தன.

வறட்சி புல்லைக் கொன்றுவிட்டது என்றே ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டுக் காடு. அதே மண், அதே மழை. அவர்கள் வறட்சி தொடங்கும்போதே ஆட்டை எல்லாம் விற்றுவிட்டுப் படலைக் கட்டிவிட்டார்கள். 2017 ஆவணி மழைக்கு அவர்கள் காடு பச்சையாகிவிட்டது. கிளுவை வேலிதான் நடுவில். இதை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் எனக்கு உறைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துத்தான் உறைத்தது.

2018இல் விதைத்துவிடுவது என்று இறங்கினேன். பங்காளி காட்டில் கோடை மழைக்குக் கதிர் விட்டிருந்தது. கேட்டதற்கு, "உருவிக்கம்மிணி, அதுக்கென்ன காசா பணமா" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். நானும் அத்தையும் ஒரு வாரம் காலை வேளையில் கதிரைக் கையில் பிடித்து உருவி உருவி மூன்று சாக்குச் சேர்த்தோம். விதை பஞ்சு மாதிரி. மூன்று சாக்கும் சேர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள் நான். காட்டை ரோட்டவேட்டர் விட்டுப் புழுதியாக்கி, பாதி விதையைத் தூவி, இன்னொரு சால் ஓட்டி மண்ணுக்குள் தள்ளினோம். மீதி விதையை மறுநாள் தூவினோம். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று எப்படிப்பட்டது என்றால், பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து காற்றாலை சுற்றுகிற காற்று. தூவத் தூவ விதை என் கண் முன்னாலேயே எழும்பிக் கிழக்கு வேலியைப் பார்த்துப் பறந்தது. கை ஓய்கிறவரை தூவினேன்.

ஒன்றுகூட முளைக்கவில்லை. மழையும் அந்த வருடம் குறைவுதான், ஆனால் பார்த்தீனியம் முளைக்கப் போதுமாக இருந்ததே. விதை உள்ளே அரிசியில்லாத பொக்கு என்று முடிவு செய்தேன். உழவுக் கூலியும் ஒரு வாரத்து உழைப்பும் போனது போனதுதான்.

அடுத்த வருடம் கிழக்கு வேலியோரம் கிளுவைக்கு வேலிமுள் அடைக்கப் போன அத்தை ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். வேலியின் அடியில், காற்று கொண்டு போய்க் குவித்த இடத்தில், கோடு கிழித்த மாதிரி கொழுக்கட்டைப் புல் முளைத்திருந்தது. காட்டுக்குள் ஒன்றுமில்லை, வேலியோரம் மட்டும் அறுபது எழுபது அடி நீளத்துக்கு.

விதை பொக்கில்லை. பிறகு ஏன் போன வருடம் வரவில்லை?

அந்தக் கேள்வியோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த தீவன விஞ்ஞானி ஒருவர் பொறுமையாகச் சொன்னார். கொழுக்கட்டை விதைக்கு உறக்கம் உண்டு. பறித்த ஆறு முதல் எட்டு மாதம் வரை சரியாக முளைக்காது. உமியே முளைப்பைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் அரிசியைத் தனியே உரித்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். அவசரமென்றால் ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில், அதாவது லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்து, 48 மணி நேரம் ஊற வைத்து விதைக்கலாம். அவசரமில்லை என்றால் ஒரு வருடம் சாக்கில் கிடக்கட்டும். நான் பறித்து இரண்டு மாதம்கூட ஆகாத விதையைத் தூவியிருக்கிறேன். சரி, வேலியோரத்து விதை உறக்கம் கலைந்து மறு வருடம் முளைத்தது. காட்டுக்குள் போட்டது ஏன் முளைக்கவில்லை? ஆழம். இந்த விதை அரை அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வரத் தெம்பில்லாதது. நான் ரோட்டவேட்டரால் அதை ஆழமாகப் புதைத்திருந்தேன். வேலியோரத்தில் காற்று அதை மண்ணின் மேலேயே விட்டிருந்தது, சருகு அதை மூடியிருந்தது. நான் செய்ய வேண்டியதைக் காற்று செய்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பறம் என்ன, நெல்லுங்கூட ஒரு சிலது ஒறங்கித்தானே மொளைக்குது" என்றார். எனக்கு அதற்கு அரை நாள் பயணம் தேவைப்பட்டது.

இரண்டாவது விதைப்பு 2019 புரட்டாசியில். காற்று அடங்கி, வடகிழக்கு மழைக்கு முந்தைய பத்து நாள். இந்த முறை செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் பலித்தது.

முதலில் முளைப்புச் சோதனை. போன வருடத்துச் சாக்கில் கொஞ்சம் விதை மிச்சமிருந்தது; பங்காளி வீட்டு அட்டாலிப் பரணிலும் பழைய விதை மூட்டைகள் கிடைத்தன. நூறு விதையை எண்ணி நனைந்த சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி, தினம் தண்ணீர் தெளித்து வந்தோம். பத்தாம் நாள் எண்ணினால் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. அதுவே நல்ல விதை என்றார் அந்த விஞ்ஞானி. ஹெக்டேருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ என்பது பரிந்துரை. ஏக்கருக்கு மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம் உருண்டை. சலித்த செம்மண், சாணிக் கரைசல், கொஞ்சம் மணல், விதை எல்லாவற்றையும் பிசைந்து கடலைப் பருப்பு அளவுக்கு உருட்டி நிழலில் காய வைப்பது. ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு மூன்று விதை இருந்தால் போதும். இப்படிச் செய்தால் காற்று தூக்காது, எறும்பும் லேசில் இழுத்துப் போகாது. ஐந்தரை ஏக்கருக்கு உருட்டுவது ஆகிற காரியமா என்று கேட்கலாம். ஆகவில்லை. ஒன்றரை ஏக்கருக்குத்தான் உருட்ட முடிந்தது. மீதிக்கு ஈர மணலில் விதையைப் பிசறி, காற்று எழும்பாத விடிகாலையில் தூவினோம். இரண்டும் முளைத்தன, உருண்டை போட்ட இடத்தில் கொஞ்சம் ஒரே சீராக.

நிலத்தை ஆழ உழவில்லை. கலப்பையால் மேலாகக் கீறி, தூவிய பிறகு வேலிமுள்ளைக் கட்டி ஒரு இழுப்பு. அவ்வளவுதான். விதை பாதி வெளியே தெரிந்தால்கூடப் பரவாயில்லை. விதைப்பதற்கு முந்தைய மூன்று மாதம் எருவுக்காகக் காட்டுக்குள் இடம் மாற்றி மாற்றி ஆட்டுக்கிடை போட்டிருந்தோம். கிடை முழுதாக எட்டாத மேற்குப் பக்கத்துக்குக் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டோம். இந்தப் புல்லின் நாற்றுக்கு மணிச்சத்துப் பசி அதிகம்.

புல்லோடு சேர்த்து மூன்றுக்கு ஒரு பங்கு முயல் மசால் என்கிற பயறு வகைத் தீவனமும் போட்டோம். அதன் விதைத்தோல் கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய, சூடு கொஞ்சம் தணிந்த வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துத்தான் விதைக்க வேண்டும். காட்டில் ஏற்கெனவே நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் தன் பாட்டுக்கு இருந்தன. புல் மட்டும் இருந்தால் ஆட்டுக்கு வயிறு நிறையும்; பயறும் மசாலும் கலந்திருந்தால்தான் குட்டி திரளும்.

மழை நன்றாகவே பெய்தது. எட்டாம் நாள் முளைப்பு தெரிந்தது. தெரிந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் குனிந்து தேடினால்தான் தெரியும். பச்சை நூல் மாதிரி ஒன்று. முதல் ஒரு மாதம் அது வளர்வது போலவே இருக்காது, மேலே நிற்கிற நேரத்தில் கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதத்தில் பார்த்தீனியம் முந்திக்கொள்ளப் பார்த்தது. பூப்பதற்கு முன்னால் கையில் துணி சுற்றிக்கொண்டு பிடுங்கினோம், நானும் அத்தையும் வாரத்துக்கு இரண்டு நாள்.

தை மாதம் புல் முழங்கால் உயரம். கதிரும் வந்துவிட்டது. காற்றில் அசைகிறபோது காடே தலையாட்டுகிற மாதிரி இருக்கும். வீட்டில் தட்டுப்போர் கரைந்துகொண்டிருந்தது. ஆடுகள் வேலிக்கு வெளியே நின்று பச்சையைப் பார்த்துக் கத்தின. நான் படலைத் திறந்துவிட்டேன்.

இந்தப் புல்லைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால் இதைத்தான் சொல்வேன். கதிர் வந்தது என்பதால் தூர் கட்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதல் வருடத்துப் புல் மேலே பெரியதாகவும் கீழே குழந்தையாகவும் இருக்கும். ஆடு கடித்து இழுக்கும்போது இலை அறுந்து வர வேண்டும். எங்கள் காட்டில் வேரோடு வந்தது. ஆடு வாயில் மண் உதிர்வதைப் பார்த்தேன். "இன்னிக்கு ஒரு நாள்" என்று விட்டேன். பிறகு இன்னொரு நாள். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சந்தை எல்லாம் மூடிவிட்டார்கள். ஆட்டை விற்கவும் வழியில்லை, தட்டு வாங்கவும் வழியில்லை. சித்திரைக்குள் பாதிக் காடு மறுபடி செம்மண்ணாகத் தெரிந்தது.

அப்போதுதான் பங்காளி காட்டுப் படல் என் நினைவுக்கு வந்தது. 2017இல் எங்கள் புல்லைக் கொன்றது வறட்சி இல்லை. பசியில் நாங்கள் திறந்து வைத்திருந்த படல். கொழுக்கட்டைப் புல் தன் சாப்பாட்டை அடித்தண்டில், மண்ணை ஒட்டிய வீக்கத்தில் சேர்த்து வைக்கிறது. மழை வந்ததும் முதல் துளிர் அந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகிறது. அந்தத் துளிரையும் கடித்து, அடித்தண்டையும் கடித்தால், மறுபடி துளிர்க்க அதனிடம் எதுவும் இருக்காது. வறட்சியை அது தாங்கும். வறட்சியோடு சேர்த்து எங்கள் ஆட்டையும் தாங்கச் சொன்னோம்.

இப்போது எந்தக் காட்டிலும் படலைத் திறக்கும் முன் நான் செய்கிற சோதனை இது. ஆடு கடிக்கிற மாதிரி ஒரு பிடி புல்லை விரலுக்குள் இறுக்கிப் பிடித்து வெடுக்கென்று பக்கவாட்டில் இழுப்பேன், இருபது முப்பது இடத்தில். இலை கிழிந்து வந்து தூர் அசையாமல் நின்றால் சரி. நாலைந்து இடத்தில் வேர் வந்தாலும் படலைக் கட்டிவிட்டு வந்துவிடுவேன். விதைத்த முதல் வருடம் முழுக்கக் கால்நடையை விடாமல், ஒரு தடவை விதை உதிர விட்டு, தேவையென்றால் அரிவாளால் மட்டும் ஒரு சாண் விட்டு அறுத்துக் கொள்வது நல்லது. விதைத்த எழுபது எழுபத்தைந்தாம் நாள் முதல் அறுப்பு எடுக்கலாம். அறுப்பதும் மேய்ப்பதும் ஒன்றில்லை. அரிவாள் தூரைப் பிடித்து இழுக்காது.

2020 புரட்டாசியில் சொட்டை விழுந்த இடங்களை மறுபடி விதைக்கவில்லை. பிழைத்த பெரிய தூர்களை மண்வெட்டியால் பிளந்து, நாலைந்து வேர்த்தண்டு கொண்ட துண்டுகளாக்கி, மேல் இலையைக் கத்தரித்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் தூருக்குத் தூர் ஒரு அடியும் விட்டு நட்டோம். மழை ஈரம் இருக்கும்போது நட்டால் பெரும்பாலும் பிடித்துவிடும். கூலி அதிகம்தான், ஆனால் சின்ன இடத்துக்கு இதுதான் நிச்சயமான வழி. வாய்ப்புள்ளவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்கிற நீலக் கொழுக்கட்டையையும் பார்க்கலாம். இலையில் நீலம் ஓடும். நான் எங்கள் காட்டுப் புல்லையே வைத்துக்கொண்டேன், இந்த மண்ணையும் இந்தக் காற்றையும் தாங்கி நின்றது அது.

காட்டை மூன்றாகப் பிரித்தோம். கல்கால் நட்டுக் கம்பி கட்டக் காசில்லை. கிளுவைப் போத்து ஊன்றினோம், அது வேர் பிடித்து வேலியாகிறவரை முள் அடைத்தோம். ஒரு பங்கில் ஆடு, இரண்டு பங்கு ஓய்வில். பருவமழையின் முதல் மழை விழுந்த நாளிலிருந்து ஆறு வாரம் மூன்று படலும் மூடியே இருக்கும். அந்த ஆறு வாரத்துக்குத்தான் தட்டுப்போரும், கோடையில் உதிர்ந்த வெள்வேலங்காயைப் பொறுக்கிச் சேர்த்த மூட்டையும். புல் ஒரு சாணுக்குக் கீழே போனால் அன்றைக்கே ஆடு அடுத்த பங்குக்கு. 2021இல் வடகிழக்கு மழை கொட்டித் தீர்த்தது. அந்த வருடம் உதிர்ந்த விதையில் தூர்களுக்கு நடுவே இருந்த இடைவெளி எல்லாம் நிறைந்துவிட்டது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பூ விடும் முன் இலையில் சத்து அதிகம். கதிர் முற்றினால் தண்டு நார், மாடு ஒதுக்கிவிடும். பட்டினி கிடந்த ஆட்டைத் திடீரென்று பச்சைக் கொழுக்கட்டையில் விடக்கூடாது, இதில் ஆக்சலேட் என்கிற உப்பு உண்டு, வெறும் வயிற்றுக்கு ஆகாது. காலையில் கொஞ்சம் தட்டு போட்டு வயிற்றை ஆற்றிவிட்டு விடுவோம். குதிரைக்கு இதையே தொடர்ந்து போட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெடும்; குதிரை வைத்திருக்கும் ஒருவர் புல் கேட்டு வந்தபோது அதைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

இன்னொன்று மனதில் கிடப்பது. நன்றாக வருகிறதே என்று மலையடிவாரத்திலும் காப்புக்காட்டு ஓரத்திலும் இதைத் தூவச் சிலர் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். மேய ஆளில்லாத இடத்தில் இந்தப் புல் காய்ந்து நெருப்புக்கு விறகாகிறது. எரிந்த பிறகு புல் தூரிலிருந்து வந்துவிடும், பக்கத்தில் இருந்த செடிகொடி வராது. ஆஸ்திரேலியாவில் இதனால் தொல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 2005இல் இதைக் களை என்றே அறிவித்தார்கள், அங்கே பாலைவனத்துப் பெரிய கள்ளிகள் இதன் தீயில் கருகுகின்றன. வேலியும் படலும் மேய்கிற வாயும் உள்ள இடம்தான் இதற்கு வீடு.

இப்போது காட்டில் இருபத்திரண்டு ஆடு, இரண்டு காங்கேயம் மாடு. போன மாசியில் மயிலை மாடு கிடாரிக் கன்று போட்டது. அத்தைக்கு முட்டி வலி, காட்டுக்கு நடந்து வர முடிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி நான் உருவிக் கொண்டுவரும் கதிரைச் சுளகில் பரப்பிக் காய வைப்பார். பழுப்பேறிய கதிரை மட்டும்தான் உருவுவது, அதுவும் ஒரே நாளில் இல்லை. மேலிருந்து கீழாக முற்றுவதால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை போக வேண்டும், தாமதித்தால் காற்று எடுத்துக்கொள்ளும். காய்ந்ததைச் சாக்கில் கட்டி, மேலே கரித்துண்டால் வருடத்தை எழுதி வைப்போம்.

போன வாரம் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் விதை கேட்டு வந்தார்கள். மூன்று ஏக்கர், சீமைக்கருவேலை வெட்டி எடுத்திருக்கிறார்களாம். புதுச் சாக்கு திண்ணையிலேயே இருந்தது, பையன் அதன் மேல் கை வைத்தான். "அதில்லீங் கண்ணு" என்று அத்தை தடுத்தார். நான் அட்டாலியில் ஏறிப் போன வருடத்துச் சாக்கை இறக்கி, ஒன்பது கிலோ நிறுத்துக் கொடுத்தேன். படல் இருக்கிறதா என்று அவன் அம்மாவிடம் கேட்டார் அத்தை. இன்னும் போடவில்லை என்றார்கள். முதலில் அதைப் போட்டுவிட்டு விதைக்கச் சொல்லி அனுப்பினோம்.